வாத்து பார்க்கப் போகிற கார்

இரண்டு கைகள் காரின் பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தின. வலது கை இஞ்சினின் தலைமேல் அமர்ந்தது. எதையும் திருகவில்லை, எதையும் கழற்றவில்லை, அப்படியே கிடந்தது. இரும்பு பனியில் ஊறிச் சில்லிட்டிருந்தது. உள்வரைக்கும் குளிர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே கை அங்கிருந்து நகர்ந்தது. கார்புரேட்டரின் வாயில் ஒரு விரல் நுழைந்து, சோக் தகடு முழுதாக மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. பிளக் வயர்களை ஒவ்வொன்றாக அழுத்தியது. பிறகு ஜன்னல் வழியாக உள்ளே நீண்டு சாவியைத் திருப்பியது.

கார் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

வெற்றிச்செல்வி கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றாள். அந்தப் பழைய நீலக் கார் பனிக்குள் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி, துறையூர் ரோட்டுப் புளியமரத்தடியில் கலைந்தது.

டீ தூக்குடன் வந்த கலைச்செல்வன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் புருஷன். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வேலை அவனுடையது.

"எடுத்துருச்சா?"

"எடுத்துருச்சு மாமா."

"அதுக்கு எதுக்கு எழவு வூட்டு மூஞ்சி?"

"இன்னைக்கும் எடுத்துருச்சு. அதான்."

"மாமியா வூட்டுல மட்டும் காய்ச்சல் வர்ற மருமவளாட்டம் இருக்கு இது. இங்க வந்தா நல்லா தின்னுது, சிரிக்குது. அனுப்பி வச்சா ரெண்டாம் நாளே போன் வருது."

"நக்கல் போதும், டீயை ஊத்து."

வெற்றிச்செல்விக்கு அது நிற்க வேண்டும். கண்ணெதிரில் எழாமல் கிடக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினின் கோளாறை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். ஒருமுறை எழுந்து சூடேறிவிட்டால் அன்றைய சங்கதி முடிந்தது. மறுபடி வண்டி ராத்திரி முழுக்கத் தூங்கிக் குளிர வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தாங்காதவர்கள்தான் நல்ல பாகங்களையெல்லாம் கழற்றி மாற்றுவார்கள். அவளுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கும். மார்கழிக் காலையில், கோயில் ஒலிபெருக்கி எங்கோ பாடத் தொடங்கும் நேரத்தில், தூங்கும் வண்டியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். டேங்கிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் ஊர்ந்து வருவதும், பம்ப் அதை மேலே தூக்குவதும், மிதவை எழும்பி வாயை அடைப்பதும் அவள் கண்ணுக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி மடை திரும்புவது போலத்தான் அது.

குன்னத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா பூமாலை ஊர்க்காரர்களின் பருத்திக் காட்டில் மருந்தடிப்பார். முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர் சில காலைகளில் எழாது. கயிற்றை இழுத்து இழுத்து அவர் தோள் இறங்கிவிடும். பள்ளிக்கூடம் போகிற வயதில் வெற்றி அதை ஒரு நாள் வாசலில் சாக்கை விரித்துப் பிரித்துப் போட்டாள். கார்புரேட்டர் ஒரு எலுமிச்சம்பழ அளவுதான். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் சாக்கில் வைத்து, கடைசியிலிருந்து அதே வரிசையில் திரும்பப் பூட்டினாள். எழவில்லை. மறுபடி பிரித்தாள். எத்தனையாவது முறை என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு பூட்டலுக்குப் பிறகு அது கத்திக்கொண்டு எழுந்தபோது பூமாலை பயந்து எட்டி நின்றார். அதற்குப் பிறகு சுற்றுவட்டார ஸ்பிரேயர்கள் அவளிடம் வந்தன. கிணற்று ஆயில் இஞ்சின்கள் வந்தன. கலைச்செல்வனைக் கட்டிக்கொண்டு பெரம்பலூர் வந்த பிறகு கார்கள். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளை எடுப்பதில்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். பழைய கார்புரேட்டர் வண்டிகள் மட்டும் வேப்பந்தட்டையிலிருந்தும் அரியலூரிலிருந்தும் அவளைத் தேடி வந்தன.

எந்த வண்டி வந்தாலும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலை மோந்து பார்ப்பாள். பழசா, தண்ணீர் கலந்ததா, மண்ணெண்ணெய் கலந்ததா என்று மூக்கு சொல்லிவிடும். பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவாள். பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டின் கண்ணைக் குத்தக் கம்பியை விடமாட்டாள். பித்தளை தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிடும் என்று தூண்டில் நரம்பைத்தான் விடுவாள்.

நீலக் கார் முதல் தடவை வந்தது மார்கழி பிறந்த சமயத்தில். ஓட்டி வந்தது ஜெகதாம்பாள். அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டோரம் வீடும் நிலமும் உள்ளவர். அறுபதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் போன பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் பழகியவர். அவருடைய நிலத்தை வாரத்துக்குப் பார்க்கும் பழனிவேல்தான், தன் ஸ்பிரேயரைச் சரிசெய்தவள் என்று வெற்றியின் கடையைச் சொல்லியிருந்தான்.

"வழியெல்லாம் நின்னு நின்னு வந்தேம்மா" என்று இறங்கினார். பட்டறைக்குள் வெல்டிங் சத்தம், வெளியே பஸ்களின் ஹாரன். அதற்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். "விடியக்காலையில எடுக்க மாட்டேங்குது. கெஞ்சி எடுத்தாலும் பாதி வழியில படுத்துக்குது. செத்த நேரம் சும்மா வுட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கெளம்புது."

"அரியலூர்ல யார்ட்டயும் காட்டலைங்களாம்மா?"

"காட்டினேன். வித்துட்டு ஆட்டோவுல போங்கன்னாங்க. அதைச் சொல்றதுக்கு மெக்கானிக்கு எதுக்கு? எம்மவனே சொல்றான்."

"விடியக்காலையில எங்கம்மா போறீங்க?"

"கரைவெட்டி ஏரிக்கு. வாத்து பாக்க."

கலைச்செல்வன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "வாங்கவாம்மா?"

"வாங்க இல்லப்பா. பாக்க. தலையில கறுப்புக் கோடு போட்ட வாத்து. பனிமலையத் தாண்டி வருதுங்க, குளிர் முடிஞ்சதும் திரும்பப் போயிடும். அதுங்க அத்தனை தூரம் பறந்து வருதுங்க. நான் இந்தா இருக்கிற ஏரிக்குப் போவ முடியலன்னா எப்படி?"

லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த ரோட்டில் ஜெகதாம்பாளால் ஓட்ட முடியாது. அவருக்குக் கிடைப்பது இருட்டு பிரிந்து வெளிச்சம் வரும் அந்தச் சின்ன இடைவெளிதான். அப்போது எழாத கார் அன்று முழுக்க எழாத மாதிரிதான். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. போன மாதம் பனியில், ஒரு வளைவில் கார் நின்றுபோயிருந்தது. பின்னால் கல் ஏற்றி வந்த லாரி கிறீச்சிட்டு நின்றதைப் பார்த்த யாரோ திருச்சியிலிருக்கும் மகன் முத்தமிழ்செல்வனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"போகிக்கு வர்றான். காலையில ஒரே தடவையில எடுத்து, எங்கயும் நிக்காம ஏரி வரைக்கும் போயிட்டு வந்தா வண்டி உனக்கு. இல்லன்னா நானே திருச்சிக்கு ஓட்டிட்டுப் போயி வித்துடுவேன்னுட்டான்."

வெற்றி பானட்டின் மேல் கையை வைத்தாள். "அவரு சொல்றதுல தப்பில்லைங்கம்மா. எனக்கே நம்பிக்கை வரலன்னா நானும் அதைத்தான் சொல்லுவேன்."

"சொல்லு. ஆனா பாத்துட்டுச் சொல்லு" என்றார் ஜெகதாம்பாள்.

பார்த்தாள். சோக் கேபிள் இழுபட்டிருந்தது, சரிசெய்தாள். ஜெட்டுகளைச் சுத்தம் செய்தாள். தீப்பொறிக்கான பாயிண்டின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்தாள். மறுநாள் காலை ஒரே இழுப்பு, அதற்கு மறுநாளும் ஒரே இழுப்பு. அனுப்பினாள். வீட்டுக்குப் போன கார் சீக்கிரமே மறுபடி படுத்தது. திரும்ப வந்தது. திரும்பவும் அவள் கடையில் சொன்ன பேச்சைக் கேட்டது.

அந்த இரண்டாம் தடவைதான், டீயை ஊற்றும்போது வந்த போனில் ஜெகதாம்பாள் சிரிக்கவில்லை. "உன் கடையில நின்னா மட்டும் சொகமா இருக்குன்னா, ஏரியத் தூக்கிட்டு வந்து உன் கடைக்கிட்ட வைக்கச் சொல்றியா? போகி கிட்ட வந்துடுச்சு வெற்றி."

வெற்றி போனை வைத்துவிட்டு டீயைக் குடித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "மாமா, நான் அதோட மாமியா வூட்டுக்குப் போயிட்டு வரேன்."

சாயங்காலம் அவளே காரை அரியலூருக்கு ஓட்டிப் போனாள். மக்காச்சோளத் தட்டைகள் காய்ந்து வெளுத்த நிலங்களுக்கு நடுவில், வெடித்த பருத்தி மங்கலாக மின்னியது. ஊர் நெருங்க நெருங்க எல்லாம் வெள்ளையானது. வேலி, வேப்பிலை, மைல்கல், தந்திக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை கூட. சுண்ணாம்புத் தூசி ரோட்டுக்கு மேலே இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. கார் எங்கும் நிற்கவில்லை.

ஜெகதாம்பாளின் வீட்டுக்குள் அந்தத் தூசி ஒரு துளி இல்லை. சோபாவின் பிளாஸ்டிக் உறை கடையில் வாங்கிய நாளிலிருந்து கழற்றப்படவில்லை. டிவி ரிமோட் கேரி பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. மிக்சிக்கு உறை, தண்ணீர்க் குடத்துக்குத் துணி, சாமி படத்துக்கு மேலே கூட கண்ணாடிக் காகிதம். வெற்றி உட்கார்ந்தபோது சோபா சலசலத்தது.

"சாப்புடு. வண்டியத் தொடைச்சிட்டு வந்துடறேன்" என்று ஜெகதாம்பாள் வாளியும் துணியும் கத்தரிக்கோலுமாக வெளியே போனார். வெற்றி தோசையைப் பிட்டுக்கொண்டே, நாளைக் காலையில் காரை எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

விடியலில் கொல்லைப்பக்கம் சேவல் கூவும்போது உலகம் ஒரு பாலாடைக்குள் இருந்தது. கார்க் கொட்டகை எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெற்றி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் எதையும் தொட மாட்டேங்கம்மா. தெனம் நீங்க எப்படி எடுப்பீங்களோ, அப்படியே எடுங்க."

ஜெகதாம்பாள் உட்கார்ந்து சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, இஞ்சின் எழவில்லை. மறுபடி சுற்றியது. தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கடைசியில் பேட்டரி களைத்துப்போகும் சமயத்தில் இருமிக்கொண்டு எழுந்தது. வெற்றி ஒரு எட்டு முன்னால் வந்தாள். வந்துவிட்டது நோய், கண் முன்னால்.

கிளம்பினார்கள். விளக்கு வெளிச்சம் பனிச் சுவரில் முட்டித் திரும்பியது. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து பார்த்துவிட்டுப் பின்னால் போயின. கார் நகர்கிறதா, ரோடு நகர்கிறதா என்று வெற்றிக்குச் சந்தேகமாக இருந்தது. ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் இஞ்சின் ஒருமுறை திணறியது. இன்னொருமுறை. பிறகு நின்றது.

இப்படியொரு அமைதியை அவள் பட்டறையில் கேட்டதே இல்லை. இலையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது. தூரத்தில், தண்ணீருக்கு மேலே, கூட்டமாக ஏதோ மூக்கால் பேசிக்கொண்டிருந்தது.

"அதுங்கதான்" என்றார் ஜெகதாம்பாள் கிசுகிசுப்பாக.

வெற்றி இறங்கினாள். பானட்டுக்குப் போகவில்லை. பழக்கத்தில் கால் டேங்க் பக்கம் போனது. கை மூடியைத் திருகியது.

ஹூ...ம்ம்ம் என்று கார் மூச்சை உள்ளே இழுத்தது. நீளமான, நிதானமான மூச்சு. நெடுநேரம் தண்ணீருக்குள் முங்கியிருந்தவர் தலையைத் தூக்கி இழுக்கும் மூச்சு.

மூடியைத் தூக்கினாள். அடியில், குழாய் வாயை இறுக்கிக்கொண்டு, வட்டமாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள். உரச் சாக்கின் உள்பை. நடுவில் தொப்புள் போலக் குழிந்திருந்தது. ஓரத்தில் ஒரு இடம் மட்டும் இப்போது தூக்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது யாரு வச்சது?"

"நாந்தான். தூசு உள்ள போவக் கூடாதுல்ல? பெட்ரோல் போடற பையங்கிட்டக் கூட சொல்லித் திரும்ப வைக்கச் சொல்லுவேன். உன் கடைக்கு வந்தப்பதான் ரெண்டு தடவையும் தொலைஞ்சு போச்சு. நேத்து புதுசா வெட்டி வச்சேன்."

வெற்றி கரையில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "தொலையலைங்கம்மா. நாந்தான் எடுத்துப் போட்டேன். பங்க்ல ஒட்டிக்கிட்டு வந்த குப்பைன்னு நெனச்சேன். ரெண்டு தடவையும் கையால வைத்தியத்தைப் பண்ணிட்டு, என்ன வியாதின்னு தேடிக்கிட்டு இருந்திருக்கேன்."

"புரியற மாதிரி சொல்லு."

"தண்ணி கேனைக் கவுத்து ஊத்தறப்ப, காத்து போக வழியில்லன்னா என்னாவும்? களுக் களுக்குன்னு நிக்கும்ல? டேங்கும் அப்படித்தான். பெட்ரோல் வெளிய போற அளவுக்குக் காத்து உள்ள வரணும். இந்த மூடியில அதுக்குன்னு ஒரு கண்ணு இருக்கு. நீங்க தாளைப் போட்டு அதை மூடிட்டீங்க. ஓட ஓட உள்ள இழுத்துக்கிட்டு, ஒரு கட்டத்துல பம்ப்பால இழுக்க முடியல, நிக்குது. செத்த நேரம் போனா ஓரமா கொஞ்சம் காத்து கசிஞ்சு போகுது, எடுக்குது."

"சரி, காலையில?"

"பகல் சூட்டுல டேங்கு உப்பும். ராத்திரி குளிர்ல சுருங்கும். சுருங்கறப்ப குழாயில இருக்கிற பெட்ரோலைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். காலையில கார்புரேட்டருக்கு ஒண்ணும் வராது." கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்: "பெட்ரோல் போட்ட பெறவு கொஞ்ச தூரம் நல்லா ஓடுமே?"

ஜெகதாம்பாள் சட்டென்று நிமிர்ந்தார். "ஓடும்! நான் பெட்ரோலு நல்ல பெட்ரோலுன்னு நெனச்சேன்."

"மூச்சு வாங்கிக்கிட்டு ஓடியிருக்கு."

தாளை எடுத்துவிட்டு மூடியைப் போட்டாள். கார் எழுந்தது. இருவரும் கரை மேல் கொஞ்ச தூரம் போய் நின்று பனி விலகக் காத்திருந்தார்கள். தண்ணீரின் நிறத்திலேயே இருந்த பறவைகள் மெல்ல மெல்லத் தண்ணீரிலிருந்து பிரிந்து தெரிந்தன.

வீடு திரும்பி இறங்கியதும் ஜெகதாம்பாள் கேட்டார்: "அப்ப தூசு?"

அந்தக் கேள்வியை வெற்றி தள்ளிவிடவில்லை. கார்க் கூரையைத் தடவினாள். இரவில் படிந்த தூசி விரலில் மாவாக வந்தது. மூடியின் கண்ணையும் ஒரு நாள் இது அடைத்துவிடும். ஜெகதாம்பாளின் பயம் தப்பில்லை, செய்த காரியம்தான் தப்பு.

காரைப் பெரம்பலூருக்கே திரும்பக் கொண்டுபோனாள். கண்டுபிடித்துவிட்டோம் என்று விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. தாளை மறுபடி வைத்து மூடி, அடுத்த காலை சாவியைத் திருப்பினாள். எழவில்லை. தாளை எடுத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டாள். எழுந்தது. இன்னொரு முறை வைத்தாள். எழவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்துக் கலைச்செல்வன் தலையில் அடித்துக்கொண்டான்.

"எடுத்தா அழுவுற, எடுக்கலன்னா சிரிக்கிற. உன்னை எந்தப் பட்டறையில காட்டறது?"

பிறகு தைக்க உட்கார்ந்தாள். மூடிக்கு மேலே வெளிப்பக்கமாகப் போடுகிற மாதிரி ஒரு உறை. பழைய வேட்டியில் ஒரு மடிப்பு வைத்து வாயில் பொத்திக் காற்றை உறிஞ்சினாள். சுலபமாக வந்தது, ஆனால் பவுடரைத் தூவி ஊதினால் அதுவும் புகுந்து வந்தது. இரண்டு மடிப்பில் பவுடர் நின்றது, காற்று வந்தது. மூன்றில் மூச்சு முட்டியது. இரண்டு போதும். விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள்.

"கொழந்தைக்குக் குல்லாவா?" என்றான் கலைச்செல்வன்.

"டேங்குக்கு. வாய மூடும், மூக்கை மூடாது."

மூடியின் கண்ணைத் தூண்டில் நரம்பு விட்டுச் சுத்தம் செய்தாள். ஸ்பிரேயர்கள் வரிசையில் காத்திருந்தன, இருந்தாலும் தினமும் அவளே காரை அதிகாலையில் வாலிகண்டபுரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். ஒரு நாளும் நிற்கவில்லை. அதன் பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

போகிக்கு முதல் நாள் மாலை காரை அரியலூரில் கொண்டுவந்து நிறுத்தி, அங்கேயே தங்கினாள். விடிவதற்கு வெகு முன்பே பழைய பாயும் துடைப்பமும் எரிந்த புகை பனியோடு கலந்து, தெரு ஒரு கனவின் கடைசிப் பகுதி போல இருந்தது. முத்தமிழ்செல்வன் காதை மூடிய மஃப்ளரோடு வெளியே வந்தான். முகம் கடுகடுப்பாக இல்லை. தூக்கம் போதாதது போலிருந்தது.

"நானே எடுக்கறேன்" என்றான்.

"எடுங்க சார். அதான் நல்லது."

சாவியைத் திருப்பினான். ஒரே இழுப்பு. அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, நிற்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தான். இஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. வெற்றி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். ஜெகதாம்பாள் வாசலில் நின்றார்.

வளைவு வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்தான். "இங்கதான் நின்னுச்சாம். அம்மா சொல்லல. வேற ஆளு சொல்லித்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல."

"எனக்குப் பயம் இருந்தா குடுத்திருக்க மாட்டேன் சார்."

வளைவு பின்னால் போனது. ஏரிக்கரையில் வண்டியைத் திருப்பும் இடத்தில் அவன் திருப்பாமல் கொஞ்ச நேரம் முன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. பனிக்குள் எங்கோ சிறகடிப்பு.

"அம்மா இதைப் பாக்கத்தான் வருதா?"

"ஆமாங்க."

"என்கிட்ட ஒரு தடவைகூட இப்படின்னு சொன்னதில்ல."

வீட்டுக்குத் திரும்பியபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ஜெகதாம்பாள் அதே இடத்தில், சால்வையின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி நின்றிருந்தார். முத்தமிழ்செல்வன் இஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, அம்மாவைப் பார்க்காமல் சொன்னான்:

"லைட்டப் போட்டுக்கிட்டே போ. வளைவுல ஹாரன் அடி."

வெற்றிச்செல்வி டேங்க் பக்கம் போய் உறையை உருவிக் காட்டி, திரும்ப மாட்டினாள். மாற்றுக்குத் தைத்த இன்னொன்றைத் தன் இடுப்பிலிருந்து எடுத்து ஜெகதாம்பாளின் உள்ளங்கையில் வைத்தாள். "அழுக்கானா துவைச்சுக் காயவச்சு மாத்திக்கங்க. உள்ள மட்டும் எதையும் வைக்காதீங்கம்மா." பிறகு சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியை அவர் உயரத்துக்குத் திருப்பி, தான் தொட்ட ஸ்டீயரிங்கை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் காரின் கதவை அவருக்காகத் திறந்து பிடித்தாள்.

"எடுத்துக்கங்கம்மா."